பூனைக்கை பதித்த வட்டம்

மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், ஒளி ஸ்கேன் அறையில் வேலை பார்த்த அந்தப் பெண்ணை எல்லோரும் பூனைக்கை என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. பூனை நடந்தால் சத்தம் கேட்காதல்லவா, அதுபோல அவள் கருவியை மார்பின்மேல் வைத்தால் வைத்ததே தெரியாது. "வச்சாச்சா?" என்று படுத்திருப்பவர்கள் கேட்பார்கள். "எடுத்தாச்சு, எழுந்திருங்க" என்பாள் அவள்.

அந்தப் புதன்கிழமை பகல் பன்னிரண்டேகாலுக்கு அவளுடைய போன் அதிர்ந்தது. அண்ணி.

"என்னடி பூனை, காலைல ஸ்கேன் எடுத்தியா, இல்ல முத்திரை குத்தினியா?"

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"சட்டை மாத்தும்போது கண்ணாடியில பார்த்தேன். வட்டமா ஒரு தடம். சுத்தி குட்டி குட்டியாப் புள்ளி வேற. தபால் ஆபீஸ்ல குத்துற சீல் மாதிரி. உங்கண்ணா பார்த்தா, உன்னை எந்த ஊருக்கு அனுப்புறாங்கன்னு கேப்பாரு."

மரியாதைக்குப் பூனைக்கையும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"வலிக்குதா அண்ணி?"

"வலியா? காலைல நீ சொன்ன சேதிக்கு, நீ சுத்தியலால அடிச்சிருந்தாலும் எனக்கு வலிச்சிருக்காது. சரி, ஒரு மணிக்கு எனக்கு கிளாஸ் இருக்கு. வச்சுடறேன்."

அண்ணி வைத்துவிட்டாள். பூனைக்கை போனைக் காதிலிருந்து எடுக்க மறந்து அப்படியே நின்றாள். இந்தக் கருவியைப் பிடித்த எட்டு வருடத்தில் அவள் கை யார் உடம்பிலும் தடம் பதித்ததில்லை.

காலையில் அவள் சொன்ன சேதி மூன்றே சொல்: "பாதியாக் குறைஞ்சிருக்கு அண்ணி." முடிவை நோயாளியிடம் டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஸ்கேன் எடுப்பவர் வாய் திறக்கக் கூடாது. அது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் திரையில் அந்த எண்ணைப் பார்த்ததும் வாய் முந்திக்கொண்டது. அண்ணி எழுந்து உட்கார்ந்து, ஜெல் ஒழுகும் மார்போடு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அண்ணா அலுவலகத்திலிருந்து போன் செய்து, என்ன பேசுவதென்று தெரியாமல், "நீ சாப்பிட்டியா, சாப்பிட்டியா" என்று நாலு தடவை கேட்டான்.

கருவி பார்வைக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு வட்டத் தலை. அதன் நடுவில் அல்ட்ராசவுண்ட். கட்டி எங்கே, எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை அது காட்டும். அதைச் சுற்றி வட்டமாகக் கண்ணாடி இழைகளின் முனைகள். அவற்றின் வழியாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு சிவப்பு ஒளி உள்ளே போகும், சதைக்குள் திக்குத் தெரியாமல் அலையும், மிச்சம் மீதி வெளியே வரும். போன ஒளியில் எவ்வளவை உள்ளேயிருக்கும் ரத்தம் விழுங்கியது என்று கணக்கிட்டு, இயந்திரம் ஓர் எண் சொல்லும். கட்டி ரத்தத்தை இழுத்துத்தான் வளர்கிறது. மருந்து வேலை செய்தால் முதலில் அந்த ரத்தம் வற்றும். கட்டி சுருங்குவதெல்லாம் பிறகுதான். ஆகவே மருந்து பலிக்கிறதா என்று மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. கத்தி இல்லை, ஊசி இல்லை. இருட்டறையில் கால் மணி நேரம் படுத்திருந்தால் போதும்.

ஒரே ஒரு விதி: அழுத்தக் கூடாது. அழுத்தினால், ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி ரத்தம் ஓரமாக ஒதுங்கிவிடும். எண் சரசரவென்று இறங்கும். மருந்து செய்ய வேண்டிய வேலையைக் கை செய்து காட்டிவிடும்.

பூனைக்கை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அண்ணியின் படங்களைத் திறந்தாள். மருந்து தொடங்குமுன் எடுத்த முதல் படத்தில், தோலிலிருந்து கட்டியின் நடுப்பகுதி பத்தொன்பது மில்லிமீட்டர் ஆழம். இரண்டாவதில் பதினெட்டு. இன்று காலை எடுத்ததில் பதின்மூன்று.

கட்டி மேலே மிதந்து வருமா என்ன? இவள் கைதான் கீழே போயிருக்கிறது.

எழுந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி எழுந்து ஜன்னல் வரை போய், எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பினாள். ரத்த எண்களை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பார்த்தாள்: தொண்ணூற்றிரண்டு, எண்பத்தெட்டு, நாற்பத்தேழு. காலையில் அந்த நாற்பத்தேழைப் பார்த்தபோது அதைக் கையில் எடுத்துக் கொஞ்சலாம் போலிருந்தது. இப்போது அது ஒரு திருட்டுப் பொருளைப் போலக் காகிதத்தில் உட்கார்ந்திருந்தது.

எப்படி நடந்தது? அவள் கண்ணை மூடி யோசித்தாள். முதல் இரண்டு தடவையும் அண்ணி வாய் மூடாமல் பேசிக்கொண்டிருந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள அவளிடம் வருகிறவர்களின் கதை: பிரேக்குக்குப் பதில் ஹாரனை அடித்தவர், பின்னால் பார்க்கும் கண்ணாடியில் பவுடர் சரிசெய்தவர். பூனைக்கை சிரித்துக்கொண்டே படம் எடுத்தாள், கை தன்பாட்டுக்கு லேசாக இருந்தது. இன்று காலை அண்ணி பேசவில்லை. இருட்டில் மூச்சுச் சத்தம் மட்டும். கட்டியின் ஓரம் திரையில் கலங்கலாகத் தெரிந்தது. இந்த ஒளிக் கருவி வருவதற்கு முன் நான்கு வருடம் அவள் வெறும் அல்ட்ராசவுண்ட் எடுத்தவள். அங்கே படம் கலங்கினால் அழுத்த வேண்டும், அழுத்தினால் தெளியும். பயந்த கை தனக்குப் பழகிய வழியில் போய்விட்டது. படம் தெளிந்தது. எண் இறங்கியது. அவள் வாய் திறந்தது.

மதியம் மூன்றரைக்கு டாக்டர்கள் கூட்டம். அண்ணியின் பெயர் பட்டியலில் இருக்கிறது. பாதி குறைந்திருக்கிறது என்றால் இதே மருந்தை இன்னும் மூன்று தவணை கொடுப்பார்கள். மூன்று தவணை என்றால் ஒன்பது வாரம். அந்த எண் பொய்யாக இருந்தால், ஒன்பது வாரமும் அந்தக் கட்டி உள்ளே உட்கார்ந்து கொழுக்கும். அண்ணியின் தலைமுடியும் நகமும்தான் போகும்.

ஒருவேளை உண்மையிலேயே குறைந்திருந்தால்? தடம் வெறும் தடமாகவே இருந்தால்? சும்மா இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? இந்தக் கேள்வி வந்ததும் அவளுக்குத் தன்மேலேயே பயம் வந்தது. கதவைத் திறந்துகொண்டு கிட்டத்தட்ட ஓடினாள்.

விளக்குக்காரர் அடுத்த அறையில்தான் இருந்தார். இயந்திரத்தின் ஒளிப் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் அவர். வாரம் ஒருமுறை, புதன்கிழமையில் வருவார். யாரிடமும் முகம் பார்த்துப் பேச மாட்டார். இப்போதும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னதையெல்லாம் கேட்டார். கடைசியில் பிஸ்கட்டிடம் கேட்பது போலக் கேட்டார்:

"காலைல மாப்பிள்ளை மேல கை வச்சுப் பார்த்தீங்களா?"

மாப்பிள்ளை என்பது சதையைப் போல மெத்தென்று வார்த்த ஒரு கட்டை. வேலை எதுவும் செய்யாது; ஆனால் தினம் காலையில் மெத்தைப் பெட்டியிலிருந்து மரியாதையாக வெளியே எடுத்து, துடைத்து, உட்கார வைக்க வேண்டும் என்பதால் அந்தப் பெயர். அதைச் சமையலறைத் தராசு ஒன்றின்மேல் வைத்து, தராசைப் பூஜ்யமாக்கி, கருவியைக் கையோடு அதன்மேல் பிடிக்க வேண்டும். இருநூறு கிராமுக்கு மேல் காட்டக் கூடாது. அது கருவியின் எடை மட்டும். கையின் எடை அதில் சேரக் கூடாது. அந்த அறையில் யார் வேலை பார்த்தாலும் இதைச் செய்துவிட்டு ஏட்டில் ஒரு டிக் போட வேண்டும்.

"டிக் போட்டிருக்கேன்" என்றாள் பூனைக்கை.

"பார்த்தேன். கை வச்சீங்களான்னு கேக்கறேன்."

"இல்ல. ரெண்டு மாசமா வைக்கல. எனக்கெதுக்குன்னு..."

"ஆமா. பூனைக்கைக்கு எதுக்கு." அவர் குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே யோசித்துச் சொன்னார். அதுதான் அதிகமாகச் சுட்டது. "வரச் சொல்லுங்க. திரும்ப எடுத்துடலாம்."

"வேற யாராவது எடுக்கட்டுமே. என் கை நடுங்குது."

"முதல் ரெண்டு படமும் உங்க கைல எடுத்தது. ஒப்பிடணும்னா அதே கைதான் வேணும். நடுங்கினா பரவாயில்ல. அழுத்தாம இருந்தா சரி."

அண்ணி மூன்றாவது அழைப்பில்தான், இரண்டு மணி சுமாருக்கு எடுத்தாள். பின்னணியில் ஒரு கார் இருமி இருமி அணைந்தது.

"கிளட்ச், கிளட்ச்! மெதுவா விடுங்க சார், அது என்ன கரப்பான்பூச்சியா, மிதிச்சுக் கொல்றீங்க? ... சொல்லுடி."

"அண்ணி, நீங்க திரும்ப வரணும். இப்பவே."

"ஏன்?"

"மெஷின்ல ஒரு தகராறு." பொய் தடங்கலில்லாமல் வந்தது. "இன்னொரு தடவை எடுக்கணும்."

மறுமுனையில் யாரோ இன்ஜினை மறுபடி கிளப்பினார்கள்.

"வரேன்" என்றாள் அண்ணி.

இருபது நிமிடத்தில் மருத்துவமனை வாசலில், கூரையில் சிவப்பு எழுத்துப் பலகை வைத்த அந்தச் சின்னக் கார் குலுங்கிக் குலுங்கி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஒரு பாங்க் மேனேஜர், ஒன்பதாம் நாள் வகுப்பு. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, வேர்த்து விறுவிறுத்து, கண்ணை மூடியிருந்தார். அண்ணி தலையில் கட்டிய துணியைச் சரிசெய்துகொண்டு பக்கத்து இருக்கையிலிருந்து இறங்கினாள்.

"சார், சாவியை எடுத்துட்டு இங்கயே உக்காருங்க. எதையும் தொடாதீங்க. ரேடியோ கூட வேணாம்."

பூனைக்கைக்கும் அண்ணிக்கும் பதினான்கு வருடப் பழக்கம். அதில் பாதி சண்டை. ஒருமுறை பூனைக்கையும் அண்ணியிடம் கார் கற்றுக்கொள்ளப் போனாள். பதினோரு நாள் ஓட்டினாள், பன்னிரண்டாம் நாள் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது, மூன்று வாரத்துக்கு அண்ணாதான் இருவருக்கும் தூது போனான். ஆனால் மார்பில் கட்டி என்று தெரிந்த அன்று அண்ணி சொன்னாள்: "ஊசி போடற கை, மருந்து ஏத்தற கை எல்லாம் யாரோடதோ. இந்த ஒண்ணாவது நம்ம வீட்டுக் கையா இருக்கட்டும்."

இருவரும் லிஃப்டில் மேலே போனார்கள். ஸ்கேன் அறை வாசலில் விளக்குக்காரர் தராசோடு நின்றிருந்தார்.

"மெஷினுக்கு என்னங்க ஆச்சு?" என்று அண்ணி அவரிடம் கேட்டாள்.

"மெஷினா?" அவர் தராசைப் பார்த்தார். "மெஷின் நல்லாத்தானே இருக்கு."

பூனைக்கைக்குக் காது இரண்டும் சூடேறின. தரை கொஞ்சம் பிளந்தால் நல்லது என்று நினைத்தாள். தரை பிளக்கவில்லை.

"மெஷின் இல்ல அண்ணி. நான்தான்." சொல்ல ஆரம்பித்ததும் எல்லாமே ஒரே மூச்சில் வெளியே கொட்டியது. "காலைல நான் அழுத்திட்டேன். உங்க உடம்புல இருக்கற தடம் என் கை பண்ணினது. அழுத்தினா ரத்தம் ஒதுங்கிடும், எண் குறைஞ்ச மாதிரி காட்டும். தினம் தராசுல கை வச்சுப் பார்க்கணும், அதையும் நான் பண்ணல. பண்ணினதா டிக் போட்டேன். பாதியாக் குறைஞ்சதுன்னு சொன்னேனே, அது உண்மையான்னே எனக்குத் தெரியல."

அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டாள். பிறகு தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்து, மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

"உங்கண்ணா ஆபீஸ் முழுக்க மிட்டாய் குடுத்துட்டார், தெரியுமா?"

பூனைக்கை தராசையே பார்த்தாள்.

"எதுக்குடி அழுத்தின?"

"படம் கலங்கலா இருந்துச்சு. நீங்க வேற பேசவே இல்ல. பயமா இருந்துச்சு."

அண்ணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமா, களைப்பா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "கீழே உக்கார்ந்திருக்காரே, அவரும் அப்படித்தான். எதிர்ல மாடு வந்தா பிரேக்னு நினைச்சு ஆக்ஸிலேட்டரை மிதிப்பாரு. கால் தனக்குத் தெரிஞ்சதைத்தான் பண்ணும்." ஒரு பெருமூச்சு விட்டாள். "அதுக்குத்தான் என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு. உன் பிரேக் எங்க?"

விளக்குக்காரர் தராசை மேசைமேல் வைத்தார்.

மாப்பிள்ளையைத் துடைத்து உட்கார வைத்தார்கள். பூனைக்கை கருவியை எடுத்து அதன்மேல் பிடித்தாள். முந்நூற்று நாற்பது. கையை உதறிக்கொண்டு மறுபடி பிடித்தாள். முந்நூற்றுப் பத்து. மணி இரண்டு நாற்பது. மூன்றாம் தடவை இருநூற்று எண்பதில் நின்று ஆடியது. தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் கயிறு போல முறுக்கேறியிருந்தன. எட்டு வருடமாக யோசிக்காமல் செய்த ஒன்றை இப்போது யோசித்துச் செய்ய வேண்டியிருந்தது. நடக்கும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்று யோசித்தால் கால் தடுக்குவது போல, ஒவ்வொரு விரலும் ஒரு பக்கம் இழுத்தது.

"இப்பக் கூட பேசாம இருந்தா எப்படி அண்ணி?" என்றாள் அழாக்குறையாக.

அண்ணி படுக்கையில் உட்கார்ந்து கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். "என்ன பேசச் சொல்ற? ... சரி, கேளு. இன்னைக்கு மேனேஜர் என்ன பண்ணாரு தெரியுமா? சிக்னல்ல நின்னோம். பச்சை விழுந்துச்சு. பின்னாடி அத்தனை பேரும் ஹாரன். இவர் இறங்கிப் போய் ஒவ்வொருத்தர்கிட்டயும், மன்னிச்சுக்குங்க, நான் புதுசுன்னு சொல்லிட்டு வராரு. வரதுக்குள்ள மறுபடி சிவப்பு."

பூனைக்கைக்கு மூக்கு வழியாக ஒரு சிரிப்பு வெடித்தது. தராசு இருநூற்று ஐந்துக்கு இறங்கியது. பிறகு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அங்கேயே நின்றது.

"விளக்கை அணைங்க" என்றாள்.

விளக்குக்காரர் விளக்கை அணைத்து, கருப்புத் திரைச்சீலையை இழுத்துவிட்டு வெளியே போனார். இருட்டில் திரையின் சாம்பல் வெளிச்சம் மட்டும். அண்ணி படுத்தாள். காலைத் தடம் இன்னும் முழுக்க மறையவில்லை. வட்டத்தின் ஓரம் ஒரு பக்கம் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது. பூனைக்கை முதலில் நோயில்லாத பக்கம் அளந்தாள். ஒப்பிட அது வேண்டும். பிறகு இந்தப் பக்கம். கருவியை ஜெல்லின்மேல் படுக்க வைத்தாள், அழுத்திப் பிடிக்கவில்லை. ஆழம்: பதினெட்டு. கட்டியின் ஓரம் கலங்கலாகத்தான் இருந்தது. இருக்கட்டும் என்று விட்டாள். அப்படி விடுவதற்கு, தன் கையைத் தானே பிடித்து நிறுத்துவது போல இருந்தது.

"வச்சுட்டியா?" என்றாள் அண்ணி.

"வச்சு ரெண்டு நிமிஷம் ஆச்சு."

இயந்திரம் முனகியது. சிவப்பு ஒளி போனது, அலைந்தது, வந்தது. ஆறு தடவை அளந்தாள். ஆறும் ஏறக்குறைய ஒன்றே. எண் திரையில் வந்து நின்றபோது அவள் அதைப் பார்க்காமல் அதன் கீழே இருந்த தேதியைப் பார்த்தாள். பிறகு எண்ணைப் பார்த்தாள்.

எண்பத்தைந்து.

அண்ணி தலையைத் தூக்கினாள்.

"சொல்லு."

"டாக்டர்தான் சொல்லணும் அண்ணி."

"காலைல மட்டும் டாக்டரா சொன்னாங்க? நல்லதுன்னா நீ, கெட்டதுன்னா டாக்டரா?"

பூனைக்கை கருவியைத் துடைத்தாள். துடைத்ததையே திரும்பத் துடைத்தாள். "எண்பத்தஞ்சு. முதல்ல தொண்ணூத்திரெண்டு இருந்துச்சு."

அண்ணி விரல்விட்டு எண்ணுவது நிழலாகத் தெரிந்தது. "அப்ப இதுவரைக்கும் ஏத்தின மூணு தவணையும் வண்டி நியூட்ரல்லயே நின்னுருக்கு. இன்ஜின் சத்தம் மட்டும்தான்." குரல் கடைசிச் சொல்லில் கொஞ்சம் உடைந்தது. இருமிச் சரிசெய்துகொண்டாள். "சரி. கியரை மாத்தச் சொல்லு."

மூன்றரைக் கூட்டத்தில் பூனைக்கை கதவோரமாக நின்று, காலை அறிக்கை தவறு, தவறு தன்னுடையது என்று சொன்னாள். தராசைப் பற்றியும், ஏட்டில் போட்ட டிக்கைப் பற்றியும் சொன்னாள். சொல்லும்போது இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பெரிய டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி, இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பாராட்டவும் இல்லை, திட்டவும் இல்லை.

"எழுத்துல குடுங்க. இந்த மருந்து போதும், நிறுத்திடலாம். திங்கட்கிழமை வேற மருந்து ஆரம்பிக்கறோம். மூணு வாரத்துல மறுபடி ஸ்கேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அதை யார் எடுக்கறதுன்னு அப்புறம் பேசலாம்."

வெளியே நடைபாதை நாற்காலியில் அண்ணி உட்கார்ந்திருந்தாள். பூனைக்கை எல்லாவற்றையும் சொன்னாள். புது மருந்தாவது கேட்குமா என்று அண்ணி கேட்டாள். தெரியாது என்றாள் பூனைக்கை. இன்று அவள் தயங்காமல் சொன்ன முதல் உண்மை அதுதான். அண்ணி தலையாட்டினாள்.

"மூணு வாரம் கழிச்சும் நீதான் எடுக்கணும். அந்தம்மாகிட்ட நான் பேசிக்கறேன். தராசை மட்டும் என் கண் முன்னாடி வச்சுட்டு அப்புறம் என்னைத் தொடு." கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். எண்ணை அழுத்தினாள். மணி அடிக்கத் தொடங்கியதும் அதைப் பூனைக்கையிடம் நீட்டினாள். "இதை மட்டும் என்னால முடியாது. நீ சொல்லு."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. பூனைக்கை அதை விரல் நுனிகளால் வாங்கினாள். அண்ணா எடுத்தான். பின்னால் யாரோ ஏதோ சொல்ல, நாலைந்து பேர் சிரித்தார்கள். அவனும் அந்தச் சிரிப்போடுதான் பேசினான்.

"சொல்லும்மா, எங்க இருக்கீங்க? இங்க மிட்டாய் தீர்ந்துபோச்சு, இன்னும் ரெண்டு பேர் கேக்கறாங்க!"

"அண்ணா," என்றாள் பூனைக்கை. அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள், இறுக்கமாக, விரல் பதியும்படி. "அங்கிருந்து கொஞ்சம் தள்ளி வா. தனியா வந்து நில்லு."

சிரிப்புச் சத்தம் மெல்ல மெல்லத் தொலைவில் போயிற்று. ஒரு கதவு சாத்தும் ஓசை கேட்டது.

"வந்துட்டேன். சொல்லு."